‘அவருடைய கட்டிலிலிருந்து தலையணைகள்’: ஹோம்ஸ்–வாட்சன் உறவை நட்பாகவும் காதலாகவும் வாசிப்பது

#1 · பேக்கர்த்தெரு

ஹோம்ஸும் வாட்சனும் நண்பர்களா, காதலர்களா என்று பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு தரப்பும் வரிகளை அள்ளிக் கொண்டுவந்து கொட்டுகின்றன. எந்த வரிக்கு எவ்வளவு எடை என்று நிறுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. இந்த இழையில் அந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வோம்.

எல்லை: ஆர்தர் கானன் டாயில் எழுதிய 4 நாவல்கள், 56 சிறுகதைகள். தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றியும் படங்களைப் பற்றியும் தாராளமாகப் பேசலாம். ஆனால் அவை தனிப் பிரதிகள். அவற்றில் நடந்ததை வைத்து டாயிலின் வாட்சனுக்குச் சாட்சி சொல்ல முடியாது.

எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். 1924இல் அமெரிக்காவிலும் 1925 ஜனவரியில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழிலும் வந்த ‘தி த்ரீ கேரிடெப்ஸ்’. கதையின் குற்றவாளி கில்லர் எவன்ஸ் இரண்டு முறை சுடுகிறான். பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்தது போல வாட்சனின் தொடையில் ஒரு சூடு. ஹோம்ஸின் துப்பாக்கி எவன்ஸின் மண்டையில் இறங்குகிறது. அடுத்த கணம் ஹோம்ஸின் கைகள் வாட்சனை அணைத்து நாற்காலிக்கு நடத்திப் போகின்றன. ‘அடிபடவில்லையே வாட்சன்? கடவுளே, அடிபடவில்லை என்று சொல்லுங்கள்!’ அந்தக் கூர்மையான கண்கள் மங்குகின்றன, உதடுகள் நடுங்குகின்றன. அந்தக் குளிர்ந்த முகமூடிக்குப் பின்னால் இருந்த விசுவாசத்தின், அன்பின் ஆழத்தைக் காண ஒரு காயம் என்ன, பல காயங்கள் பட்டாலும் தகும் என்கிறார் வாட்சன். பிறகு ஹோம்ஸ் பேனாக்கத்தியால் கால்சட்டையைக் கிழித்துக் காயத்தைப் பார்க்கிறார். மேலோட்டமான காயம்தான். எவன்ஸிடம் திரும்பி, ‘வாட்சனைக் கொன்றிருந்தால் நீ இந்த அறையை விட்டு உயிரோடு போயிருக்க மாட்டாய்’ என்கிறார்.

இதில் ‘அன்பு’ என்ற சொல்லைச் சொல்வது யார் என்று கவனியுங்கள். வாட்சன். ஹோம்ஸின் முகத்தை வாசித்து அவர் சொல்லும் சொல் அது. ஹோம்ஸின் வாயிலிருந்து வருவது பதற்றமும் மிரட்டலும் மட்டும். அதோடு வாட்சன் அந்தப் பத்தியை முடிக்கும் விதம்: பணிவும் ஒருமனமும் கொண்ட தன் பல ஆண்டுச் சேவை இந்த ஒரு கணத்தில் வந்து நிறைந்தது என்கிறார். சேவை என்பது படைவீரன் தளபதியைப் பற்றிப் பேசும் சொல். வாட்சன் 1880இல் ஆப்கானிஸ்தானின் மைவாண்ட் போரில் அடிபட்டவர், அவர் வாயில் அது இயல்பாக வரும். என் வாசிப்பு, இது நட்பின் உச்சம். மறுப்பு இருந்தால் இதே பத்தியிலிருந்து தொடங்குங்கள்.

#2 · தாழ்வாரம்

எடை போடுவதற்கு முன்னால் கள்ளக்கற்களை எடுத்துவிட வேண்டும். காதல் வாசிப்புக்கு ஆதாரம் என்று சுற்றிவரும் பல வரிகள், ஆங்கிலச் சொல் 130 வருடத்தில் பொருள் மாறியதால் வந்தவை.

மிகப் பெரிய கள்ளக்கல், ‘தி மேன் வித் தி ட்விஸ்டட் லிப்’ கதையில் (1891) வரும் அறை. சீடர்ஸ் வீட்டில் தனக்குக் கொடுத்திருக்கும் அறை ‘டபுள்-பெட்டட்’ என்கிறார் ஹோம்ஸ். இன்று ‘டபுள் பெட்’ என்று காதில் விழுந்ததும் இருவர் படுக்கும் ஒரே கட்டில் மனதில் வருகிறது. இரண்டு பக்கம் தள்ளிப் படித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். வாட்சன் போர்வைக்குள் போய்விடுகிறார். ஹோம்ஸ் நீல அங்கியைப் போட்டுக்கொண்டு, ‘தன் கட்டிலிலிருந்து’ தலையணைகளையும், சோஃபாவிலிருந்தும் நாற்காலிகளிலிருந்தும் மெத்தைகளையும் எடுத்துத் தரையில் ஒரு திண்டு கட்டுகிறார். அதன்மேல் சம்மணமிட்டு, ஒரு அவுன்ஸ் புகையிலையை முன்னால் வைத்து விடிய விடிய யோசிக்கிறார். ‘தன் கட்டில்’ என்று ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கிறது. இரண்டு கட்டில் போட்ட அறை அது.

‘தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ தொடக்கத்தில் (1892) ஹோம்ஸ் வாட்சனை ‘நாக் அப்’ செய்ததற்கு வருந்துகிறார். எழுப்பிவிட்டதற்கு மன்னிப்பு, அவ்வளவுதான். ‘இன்டிமேட்’ என்றால் நெருங்கிப் பழகிய. ‘க்வியர்’ என்றால் விசித்திரமான. ஆண்கள் கைகோத்துத் தெருவில் நடப்பது அன்றைய லண்டனில் யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி.

இந்தத் தவறு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதல்ல. ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான் நட்பாங் கிழமை தரும்’ என்ற குறள் (785) நட்பு அதிகாரத்தில் இருக்கிறது. இன்றைய பொருளை அந்த முதல் சொல்லில் ஏற்றினால் குறளே தலைகீழாகிவிடும். பரிமேலழகர் அதற்கு ஒரே தேயத்தவராய் இருத்தல் என்று உரை சொல்லி, நேரில் பார்க்காமலே நட்பான கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டுகிறார். பழைய பிரதியை எடுக்கும்போது சொல்லின் அன்றைய பொருளை முதலில் பார்ப்பது அடிப்படை வேலை.

#3 · கயல்நிலா

தாழ்வாரம் சொன்ன அத்தனையும் சரி. ஆனால் வலுவில்லாத ஆதாரத்தை உடைத்துவிட்டு வாசிப்பையே உடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். கட்டில், ‘நாக் அப்’ இதையெல்லாம் விவரம் தெரிந்த ‘ஸ்லாஷ்’ வாசகர்கள், அதாவது இருவரையும் காதலர்களாக வாசிப்பவர்கள், நம்பி நிற்பதில்லை. நாங்கள் எடுப்பது சொற்களை அல்ல, செயல்களை.

‘தி எம்ப்டி ஹவுஸ்’ (1903). செத்ததாக நினைத்த ஹோம்ஸ் கண்முன் நிற்கிறார். வாட்சன் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக மயங்கி விழுகிறார். போர்க்களம் பார்த்த மருத்துவர். அடுத்து ‘தி நார்வுட் பில்டர்’. வாட்சன் தன் கென்சிங்டன் மருத்துவமனையை விற்றுவிட்டு மறுபடி பேக்கர் தெருவுக்கே வந்துவிட்டார். வெர்னர் என்ற இளம் மருத்துவர், கேட்ட விலையை அதிகம் பேசாமல் கொடுத்து வாங்கிக்கொண்டார். சில வருடம் கழித்துத்தான் வாட்சனுக்குத் தெரிகிறது: வெர்னர் ஹோம்ஸின் தூரத்து உறவு, பணம் போட்டவர் ஹோம்ஸ். ஒருவரைத் தன் வீட்டுக்குத் திரும்ப வரவழைக்க, அவருக்கே தெரியாமல் அவர் தொழிலை விலைக்கு வாங்கியிருக்கிறார். ‘தி ப்ளாஞ்ச்ட் சோல்ஜர்’ (1926) ஹோம்ஸே சொல்லும் கதை. அதில் வாட்சன் திருமணம் செய்துகொண்டு தன்னை விட்டுப் போனதை, தங்கள் கூட்டுவாழ்வில் வாட்சன் செய்த ஒரே சுயநலமான காரியம் என்கிறார்.

இந்த மூன்றையும் தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நட்பு விளக்கம் உண்டு. சேர்த்து வைத்தால் ஒரு வடிவம் வருகிறது. பேக்கர்த்தெரு, நீங்கள் கேட்டபடி உங்கள் பத்திக்கே வருகிறேன். ‘சேவை’ என்பது படைவீரன் சொல் என்றீர்கள். சரி. ஆனால் தளபதியின் உதடு நடுங்குவதைப் பார்க்கக் காயம் பட்டாலும் தகும் என்று எந்தப் படைவீரன் எழுதுகிறான்? வாட்சன் அங்கே விவரிப்பது கண், உதடு, கை. அது ஒருவர் முகத்தை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தவரின் எழுத்து.

#4 · இருகரை

மொழிபெயர்ப்புப் பக்கத்திலிருந்து. பேக்கர்த்தெரு முதல் பதிவில் ‘அடிபடவில்லை என்று *சொல்லுங்கள்*’ என்று எழுதியிருக்கிறார். வேறொருவர் ‘*சொல்லு*’ என்று எழுதுவார். ஆங்கிலத்தில் இருப்பது ‘யூ’ மட்டும். தமிழில் எழுதும் கணமே நாம் இந்த உறவுக்கு ஒரு வாசிப்பைக் கொடுத்துவிடுகிறோம். அதைப் பலர் கவனிப்பதில்லை.

தேர்வுகள் என்ன செய்யும் என்று பாருங்கள்.

இருவரும் ‘நீங்கள்’ என்றால் கடைசிவரை மரியாதையான சகாக்கள். கேரிடெப்ஸ் காட்சி அப்போது பெரிதாக வெடிக்கும், ஏனென்றால் இவ்வளவு நாள் இருந்த தூரம் ஒரு நொடியில் உடைகிறது.

இருவரும் ‘நீ’ என்றால் கல்லூரித் தோழர்கள் போல ஆகிவிடும். நெருக்கம் முதல் பக்கத்திலேயே இருப்பதால் உடைய எதுவும் மிச்சமில்லை.

ஹோம்ஸ் ‘நீ’, வாட்சன் ‘நீங்கள்’ என்றால் முதலாளி–உதவியாளர். இது மிகப் பரவலான தவறு. இருவரும் ஏறக்குறைய ஒரே வயது, வாட்சன் பட்டம் பெற்ற மருத்துவர், வாடகையைப் பாதியாகப் பகிர்பவர். இந்தச் சமமின்மை டாயிலிடம் கிடையாது.

‘நீங்கள்’ என்று தொடங்கி ஒரு கட்டத்தில் ‘நீ’க்கு மாறுவது நான்காவது வழி. இதுதான் ஆபத்தானது. தமிழ்க் கதைகளில் அந்த மாற்றம் நடக்கும் இடம் காதல் வெளிப்படும் இடமாகவே பெரும்பாலும் இருக்கும். வாசகர் காது அதற்குப் பழகிவிட்டது. கேரிடெப்ஸில் போய் ‘நீ’க்கு மாற்றினால் கயல்நிலாவின் வாசிப்பை மொழிபெயர்ப்பாளரே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

கதைசொல்லியின் ‘அவர் / அவன்’ தேர்வும் இதேதான். ‘ஹோம்ஸ் சொன்னான்’ என்று வாட்சன் எழுதினால் வாசகர் வேறு உறவுக்குள் உட்கார்ந்துவிடுகிறார். இருவருக்கும் ‘நீங்கள்’, கதைசொல்லலில் ‘அவர்’, கடைசிவரை மாற்றாமல். அதுவே இரண்டு வாசிப்புக்கும் கதவைத் திறந்து வைக்கும் என்பது என் முடிவு.

#5 · பேக்கர்த்தெரு

இருகரை சொன்னது மனதில் தைத்தது. ‘சொல்லுங்கள்’ என்று எழுதும்போது அது ஒரு தேர்வு என்றே தோன்றவில்லை.

கயல்நிலா, வெர்னர் விஷயம் கனமான கல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தராசின் மறுதட்டில் ஒன்று வைக்க வேண்டும். அதே ‘எம்ப்டி ஹவுஸ்’ கதையில் ஹோம்ஸ் மூன்று வருடம் உயிரோடு இருந்ததை அண்ணன் மைக்ராஃப்டுக்குச் சொல்லியிருக்கிறார், வாட்சனுக்குச் சொல்லவில்லை. வாட்சன் துக்கத்தில் இருந்த மூன்று வருடம் அது. காதலன் என்று வைத்தால் இதை விளக்க நிறைய உழைக்க வேண்டும். நண்பன் என்று வைத்தாலும் கொடுமைதான், ஆனால் ஹோம்ஸின் குணத்தோடு ஒத்துப்போகிறது.

#6 · கயல்நிலா

> காதலன் என்று வைத்தால் இதை விளக்க நிறைய உழைக்க வேண்டும்.

ஸ்லாஷ் கதைகளில் பாதி பிறப்பதே அந்த உழைப்பில்தான். 1891 முதல் 1894 வரை உள்ள அந்த இடைவெளிக்கு ரசிகர்கள் எழுதியவற்றில் நல்லவை ஹோம்ஸை மன்னிப்பதில்லை. வாட்சனைக் கோபப்பட விடுகின்றன. டாயில் அந்தக் கோபத்தை எழுதவே இல்லை. மயக்கம், ஒரு வாய் பிராந்தி, உடனே இருவரும் வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ரசிக எழுத்து பிடித்துக்கொள்வது இப்படிப்பட்ட ஓட்டைகளை. ஆசிரியர் உணர்ச்சியை எழுப்பிவிட்டு அதற்கு இடம் கொடுக்காமல் போன இடம்.

#7 · பழஞ்சுவடி

‘சட்டத்துக்குப் பயந்து டாயில் மறைத்து எழுதினார்’ என்ற வாதம் எப்படியும் வரும் என்பதால் முன்கூட்டியே விவரங்களை வைக்கிறேன்.

1885இன் குற்றவியல் திருத்தச் சட்டம், பிரிவு 11: ஆண்களுக்கிடையே ‘கடும் ஒழுக்கக்கேடு’ குற்றம், 2 வருடம் வரை சிறை, கடும் உழைப்போடும் சேர்த்து விதிக்கலாம். 1887இல் முதல் ஹோம்ஸ் நாவல் வருகிறது. 1889 ஆகஸ்ட் 30 அன்று லண்டன் லாங்கம் ஹோட்டலில் ‘லிப்பின்காட்’ இதழுக்காக ஒரு விருந்து. டாயிலும் ஆஸ்கர் வைல்டும் ஒரே மேசையில். அந்த விருந்தின் விளைவாக டாயில் எழுதியது ‘தி சைன் ஆஃப் ஃபோர்’, வைல்ட் எழுதியது ‘டோரியன் கிரே’. 1895 மே மாதம் அதே பிரிவின் கீழ் வைல்டுக்கு 2 வருடம். டாயில் 1924இல் வெளியிட்ட நினைவுநூலில் அந்த மாலையைப் பொன்னான மாலை என்கிறார். வைல்டின் விஷயம் நோய் என்றும், அதற்கு உரிய இடம் போலீஸ் கோர்ட் அல்ல, மருத்துவமனை என்றும் எழுதுகிறார். அன்றைய அளவில் இரக்கம். ஆனால் ஏற்பு இல்லை.

இந்த மனிதர் தன் நாயகர்களைத் தெரிந்தே ரகசியக் காதலர்களாக எழுதினார் என்பதற்கு இதில் இடமில்லை. கேரிடெப்ஸ் 1924இல், வைல்ட் வழக்கு முடிந்து 29 வருடம் கழித்து வந்தது. பயந்தவர் அந்தக் காலத்தில் அந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டார். ஆண்களுக்குள் ‘அன்பு’ என்ற சொல் சந்தேகத்துக்குரியது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுபக்கம்: அதே சட்டத்துக்கு ‘மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் சாசனம்’ என்று பெயர் வந்தது. கடிதங்களைக் காட்டி மிரட்டுவது அன்று பிழைப்பாக நடந்தது. மிரட்டியே வாழும் மில்வர்ட்டனை (1904) ஹோம்ஸ் ‘லண்டனிலேயே மிக மோசமான ஆள்’ என்கிறார். கொலைகாரர்களிடம்கூட அவருக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை. அன்று பயந்து வாழ்ந்த வாசகர் ஒருவர் அந்தக் கதையை எப்படிப் படித்திருப்பார் என்று யோசித்தால், ஆசிரியர் நினைக்காததும் பிரதியில் இருக்க முடியும் என்பது புரியும்.

#8 · தனிமரம்

இவ்வளவு நேரமும் இரண்டே பெட்டிகள். நட்பு அல்லது காதல். டாயிலின் வரிகளில் மூன்றாவதுக்கே நேரடி ஆதாரம் அதிகம்.

‘எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா’ (1891) முதல் பத்தி: எல்லா உணர்ச்சிகளும், குறிப்பாகக் காதல், ஹோம்ஸின் குளிர்ந்த, துல்லியமான மனதுக்கு வெறுப்பானவை. அந்தக் கதையின் நாயகி ஐரீன் ஆட்லர் மேல்கூடக் காதல் இல்லை. ‘தி டெவில்ஸ் ஃபுட்’ (1910): ‘நான் ஒருபோதும் காதலித்ததில்லை, வாட்சன்.’ இது ஹோம்ஸ் வாயாலேயே வருவது.

அதே ‘டெவில்ஸ் ஃபுட்’ கதையில்தான் விஷப்புகையைச் சோதிக்கப் போய் இருவரும் சாகும் நிலைக்குப் போகிறார்கள். வாட்சன் ஹோம்ஸை இழுத்துக்கொண்டு வெளியே புல்தரையில் வந்து விழுகிறார். ‘எனக்கே செய்துகொள்ளக் கூடாத சோதனை, நண்பருக்குச் செய்தது இரட்டைத் தவறு’ என்று ஹோம்ஸ் தடுமாறும் குரலில் மன்னிப்புக் கேட்கிறார். அவர் மனதை இவ்வளவு தூரம் தான் பார்த்ததில்லை என்கிறார் வாட்சன். காதலித்ததே இல்லை என்று சொல்பவரின் மனம் அதே கதையில் இவ்வளவு திறக்கிறது. காதல் ஈர்ப்பு இல்லாத ஒருவருக்கு வாழ்க்கையின் மையமான உறவு நட்பாகவே இருக்க முடியும் என்று காட்டும் கதை இது. ‘வெறும் நட்பு’ என்ற அந்த ‘வெறும்’ என்னைப் போன்ற வாசகர்களை அடிக்கிறது. நட்பைப் படிக்கட்டாகவும் காதலை மாடியாகவும் வைக்கும் பழக்கம் ஸ்லாஷ் எழுத்தில் இருக்கிறது. நட்பு வாசிப்புக்காக வாதாடுபவர்களிடமும் இருக்கிறது. ‘நண்பர்கள் *மட்டும்தான்*’ என்று அவர்களும் எழுதுகிறார்கள்.

#9 · சாய்கோடு

தனிமரம் சொன்னது ரசிக எழுத்தின் குறியீட்டிலேயே பதிந்திருக்கிறது. ‘ஸ்லாஷ்’ என்ற பெயரே சாய்கோட்டிலிருந்து வந்தது. ‘ஸ்டார் ட்ரெக்’ (1966–69) தொலைக்காட்சித் தொடரின் ரசிக இதழ்களில் அதன் நாயகர்கள் கிர்க், ஸ்பாக் பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டால் காதல், ‘&’ போட்டால் நட்பு. 1974இல் ‘க்ரப்’ என்ற ரசிக இதழில் டயான் மார்ச்சன்ட் எழுதியதை அச்சில் வந்த முதல் கிர்க்/ஸ்பாக் கதை என்பார்கள். அதில் இருவர் பெயரும் கிடையாது, தெரிந்தவர்களுக்கே தெரியும்படி எழுதியிருந்தார். 1979இல் முதல் திரைப்படத்தின் நாவல் வடிவத்தில் ஜீன் ராடன்பெரி, ஸ்பாக்கின் மொழியில் ‘நண்பன், சகோதரன், காதலன்’ மூன்றுக்கும் பொதுவாக ஒரே சொல் இருப்பதாக அடிக்குறிப்புப் போட்டார். ரசிகர்கள் அந்தச் சொல்லை இன்றுவரை விடவில்லை. மூன்றில் ஒன்றைத் தேர்வு செய் என்று அது வற்புறுத்தவில்லை என்பதே காரணம்.

2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த, ரசிகர்கள் கதை பதிவிடும் ஏஓ3 தளமும் அதே மரபைத்தான் வைத்திருக்கிறது. அங்கே பதிவிடுபவர்களுக்கு:

சாய்கோடு காதலுக்கோ உடலுறவுக்கோ. ‘&’ மற்ற எல்லா முக்கிய உறவுக்கும். ஒரே ஜோடிக்கு இரண்டையும் போட்டால் இரு தரப்பு வாசகரும் ஏமாறுவார்கள். ‘&’ தேடி வந்தவர் ஐந்தாம் அத்தியாயத்தில் முத்தத்தைப் பார்த்து மூடுவார். சாய்கோடு தேடியவர் கடைசிவரை காத்திருந்து ஒன்றும் நடக்காமல் போவார். கதை முடிவில் உறவு எங்கே நிற்கிறதோ அதற்குரிய குறியை மட்டும் போடுங்கள். காதல் தொடங்கும் முன் நின்றுவிடும் கதைக்கு சாய்கோட்டோடு ‘ப்ரீ-ஸ்லாஷ்’ டேக். தனிமரம் சொன்ன வகைக்கு ‘&’ போட்டு ‘க்வியர்ப்ளடானிக்’ டேக். எழுதியவருக்கே முடிவு தெரியாமல் திறந்து வைத்திருந்தால், சுருக்கத்தில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுவதே நேர்மை.

#10 · பழஞ்சுவடி

ஆதாரம் திரட்டுவதில் இன்னொரு பொறி. 1941 ஜனவரியில் பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ் என்ற ஹோம்ஸ் ரசிகர் சங்கத்தின் விருந்தில் துப்பறியும் கதை எழுத்தாளர் ரெக்ஸ் ஸ்டவுட், வாட்சன் ஒரு பெண், ஹோம்ஸின் மனைவி என்று கட்டுரை வாசித்தார். வேண்டிய வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்தார். அதோடு சில கதைத் தலைப்புகளை வரிசையாக வைத்து, முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘ஐரீன் வாட்சன்’ வருகிறது என்று காட்டினார். விளையாட்டாகச் செய்தது, எல்லோரும் ரசித்தார்கள். அந்த முறையின் பலவீனம் அங்கே பளிச்சென்று தெரியும்: 60 கதைகளில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், எந்த வரிசையிலும் வைக்கலாம் என்றால் எந்தப் பெயரும் வந்துவிடும்.

#11 · கயல்நிலா

அந்த விளையாட்டு வினையான இடம் பிபிசியின் ‘ஷெர்லாக்’ (2010–2017). டாயிலை விட்டு அங்கே ஒரு நிமிடம் போக வேண்டியிருக்கிறது.

அந்தத் தொடர் முதல் அத்தியாயத்திலேயே கேள்வியைத் தானே எழுப்பியது. இரண்டு படுக்கையறை வேண்டுமா என்று மிஸஸ் ஹட்சன் கேட்கிறார். உணவகத்தில் காதலர்களுக்கென்று மெழுகுவத்தி வைக்கிறார்கள். ஜான் ஒவ்வொரு முறையும் மறுக்கிறார். ஆக இருவரையும் ஜோடியாகப் பார்த்தவர்கள் இல்லாததைக் கற்பனை செய்தவர்கள் அல்ல. தொடர் கொடுத்ததை எடுத்துக்கொண்டவர்கள். ‘ஜான்லாக் கான்ஸ்பிரஸி’ என்று ஒரு பிரிவு, இருவரும் கடைசியில் சேருவார்கள், படைப்பாளிகள் மறுப்பதும் திட்டத்தின் பகுதிதான் என்று நம்பியது. அங்கேதான் கணக்குத் தவறியது. மறுப்பையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டால் அந்தக் கருத்தைப் பொய்யாக்க வழியே இல்லை. 2017 ஜனவரி 15 அன்று கடைசி அத்தியாயம் முடிந்தது, சேரவில்லை. மறைத்து வைத்த நான்காவது அத்தியாயம் அடுத்த வாரம் வரும், அந்த நேரத்துக்கு அறிவித்திருக்கும் ‘ஆப்பிள் ட்ரீ யார்ட்’ என்ற வேறு தொடர் வெறும் போர்வை என்று சிலர் காத்திருந்தார்கள். 22ஆம் தேதி வந்தது ‘ஆப்பிள் ட்ரீ யார்ட்’தான்.

அவர்கள் பட்ட வேதனையை நான் சின்னதாக எண்ணவில்லை. ஓர் உறவைச் சிரிப்புக்காகத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிவிட்டு, அதை நம்பியவரைப் பார்த்து ‘நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்பது முறையல்ல. ‘க்வியர்பெய்டிங்’ என்று அதைத்தான் சொல்கிறோம். இந்தக் குற்றச்சாட்டு டாயிலுக்குப் பொருந்தாது. அவர் தூண்டில் போடவில்லை.

‘இப்படி வாசிக்க இடமிருக்கிறது’ என்பது ஒரு கூற்று. ‘ஆசிரியர் இதைத்தான் மறைத்து வைத்திருக்கிறார், ஒருநாள் வெளிவரும்’ என்பது வேறு கூற்று. முதலாவதற்குப் பிரதி போதும். இரண்டாவதற்கு ஆசிரியரின் மனமும் ஒப்பந்தமும் தெரிய வேண்டும்.

#12 · நீலஅங்கி

கேரிடெப்ஸ் முடிந்த இரவை வைத்து ஒரு கதை எழுத நினைக்கிறேன். காயத்துக்குக் கட்டுப் போடும் காட்சி. நட்பாகவே நிறுத்த வேண்டும், ஆனால் உணர்ச்சி குறையக் கூடாது. எழுதியதெல்லாம் காதல் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எங்கே சாய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#13 · சாய்கோடு

நீலஅங்கி, வரைவில் மூன்று இடங்களைத் தேடுங்கள்.

முதலில் பார்வை. கத்தியால் துணியைக் கிழிப்பவரின் கண் காயத்தில் இருக்கிறதா, முகத்துக்கு ஏறுகிறதா? ஒரு முறை ஏறினால் கவலை. இரண்டாம் முறை ஏறினால் வாசகர் காதலுக்குத் தயாராகிவிடுவார். இரண்டாவதை வெட்டுங்கள்.

அடுத்து நேரம். மூச்சு, தோலின் சூடு, விரல் தயங்கும் நொடி என்று வாக்கியத்தை மெதுவாக்கினால் அந்தத் தாமதமே காதலைச் சொல்லிவிடும். நட்புக் காட்சிக்கு வேலையின் வேகம் வேண்டும். கதை நடக்கும் காலம் 1902, இடம் லண்டன், மேலோட்டமான காயம். வெந்நீர், கார்பாலிக், லின்ட் துணி, கட்டு. அதோடு வாட்சன் மருத்துவர். தன் தொடையில் இன்னொருவர் கட்டுப் போடுவதைப் பார்த்துச் சும்மா இருக்க மாட்டார். ‘இன்னும் இறுக்கமாக’ என்பார். ஹோம்ஸ் அதற்குக் கீழ்ப்படியட்டும். யாருக்கும் கீழ்ப்படியாத ஆள் ஒரு கட்டுத்துணி விஷயத்தில் சொன்னபடி செய்தால் அதற்கு மேல் உணர்ச்சி வேண்டியதில்லை.

மூன்றாவது, முடிவு. காதல் கதைக்கு மாற்றம் வேண்டும். தொடக்கத்தில் சொல்ல முடியாதது கடைசியில் சொல்லப்பட வேண்டும். நட்புக் கதைக்கு நீடித்தால் போதும். காலையில் வழக்கம் போல் கடிதம் வருகிறது, வண்டி கூப்பிடுகிறார்கள், ஹோம்ஸ் படிக்கட்டில் தன் நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார். உங்கள் வரைவு யாராவது எதையாவது ஒப்புக்கொள்வதில் முடிந்தால் சாய்வு அங்கேதான்.

#14 · கயல்நிலா

காதலாக எழுதுபவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கெடுவது இங்கேதான். வாட்சனின் மனைவி மேரி மோர்ஸ்டனைக் கெட்டவளாக்கிவிடுவது. டாயிலின் மேரி புத்திசாலி, தைரியசாலி; வாட்சன் அவளை உண்மையாக நேசித்தார். அவள் இறந்ததை ‘என் துக்க இழப்பு’ என்று ஒரே வரியில் கடக்கிறார். அந்த மௌனத்தை மதித்து எழுதிய கதைகள் நிற்கின்றன. அவளைத் தடையாக மட்டும் வைத்தவை விழுகின்றன. அடுத்தது, வாட்சனை எதற்கெடுத்தாலும் அழும் சின்னப் பையனாக்குவது. ராணுவத் துப்பாக்கியைப் பையில் வைத்துக்கொண்டு இருட்டுக்குள் முதலில் நடக்கும் ஆள் அவர். பயமும் வேண்டும்: 1902இல் இருவர் காதலித்தால் வேலைக்காரி கதவைத் தட்டும் சத்தத்தை மறந்து பேச மாட்டார்கள்.

#15 · பேக்கர்த்தெரு

எனக்கு மிச்சமிருப்பது ஒரு கேள்வி, இருகரையிடம். அந்தப் பத்தியில் வரும் ‘லவ்’. அதைத் தமிழில் எந்தச் சொல்லால் வைப்பது?

#16 · இருகரை

‘காதல்’ ஆகாது. பழந்தமிழில் அது அகலமான சொல். கம்பனில் ‘காதலன்’ மகனையும் குறிக்கும். இன்று அது ஒரே கதவு. ‘பாசம்’ தாய், தம்பி பக்கம் போகிறது. ‘நட்பு’ என்று வைத்தால் வாட்சன் கண்டுபிடித்ததாகச் சொல்வதற்கே பொருளில்லை. நட்பு அவருக்கு முன்பே தெரியும். ‘நேசம்’ நல்ல சொல், கயல்நிலா அதையே கேட்பார் என்று நினைக்கிறேன். ஆனால் பாட்டில் வந்து பழகியதால் கொஞ்சம் இனிப்பு ஏறிவிட்டது.

‘அன்பு’. நண்பருக்கும் துணைக்கும் குழந்தைக்கும் கடவுளுக்கும் அதே சொல். வாட்சனுக்கும் அந்தக் கணத்தில் அது எந்த வகை என்று பிரித்துச் சொல்லத் தேவைப்படவில்லை. கூட வரும் ‘லாயல்டி’க்கு நீங்கள் போட்ட ‘விசுவாசம்’ வேண்டாம், அது எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் இடையில் போய் நிற்கும். ‘பற்று’ போதும்.

#17 · கயல்நிலா

நேசம் என்றுதான் கேட்க வந்தேன். ‘பற்றும் அன்பும்’ என்று சேர்த்துப் படித்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.

#18 · பேக்கர்த்தெரு

முதல் பதிவில் உள்ள வரியை இப்படி மாற்றிக்கொள்கிறேன்:

‘அந்தக் குளிர்ந்த முகமூடிக்குப் பின்னால் இருந்த பற்றும் அன்பும் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொள்ள ஒரு காயம் தகும், பல காயங்களும் தகும்.’

‘சொல்லுங்கள்’ அப்படியே இருக்கட்டும்.